ஒன்றும் நடக்காத சைகை

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் நாளைக் காலை என் காபி கழுநீராகட்டும், மூக்கின் மேல் இருக்கும்போதே என் கண்ணாடி தொலைந்து போகட்டும். சாமி மேல் ஆணையிடலாம்தான். ஆனால் இந்தக் கதைக்கு உரிய செங்குட்டுவன் சாமி இல்லை என்கிற கட்சி; அவர் கதையைச் சொல்ல அவர் ஒப்பாத ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடுவது முறையில்லை. ஆகவே மின்சாரத்தின் மேல் ஆணை. உத்தியோக காலம் முழுக்க அதோடு குடித்தனம் நடத்தியவர் அவர். அதன் தலையில் அடித்துப் பொய் சொன்னவனை அது சும்மா விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்றைக்கு மத்தியானம் செங்குட்டுவன் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினிக் கம்பெனி, பேர் வேண்டாம், மாடியில் குளிரூட்டிய சின்ன அறை, மேசை மேல் முறம் அகலத்துக்கு ஒரு தொடுதிரை. கணினியை உள்ளேயிருந்து ஓட்டுகிற இயங்குதளம் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். விசைப்பலகை கிடையாது, மவுஸ் கிடையாது, எல்லாவற்றுக்கும் விரல்தான். கடைக்கு வருமுன் சாதாரண ஜனங்களைக் கூட்டிவந்து தொடவைத்து, எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் மெகர்நிஷா என்கிற பெண், கம்பெனிக்காரி, அவருடைய ஒரே மகள் மேகலையின் வயதுதான் இருக்கும். எதிர்ச்சுவரில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி. அதன் பின்னால் இதைச் செய்தவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று அவளே சொல்லிவிட்டாள், ஒளிக்கவில்லை. அவருடைய போனைக் கீழே வரவேற்பிலேயே வாங்கி ஒரு துணிப்பைக்குள் போட்டு முடிந்துவிட்டார்கள். "மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்ங்க சார். சரி, தப்புன்னு எதுவும் இல்லை. சோதிக்கிறது உங்களை இல்லை, இதைத்தான்," என்றாள். மனசில் தோன்றுவதையா, என்று நினைத்துக்கொண்டார். அதைச் சொன்னால் நீ ஆம்புலன்சைக் கூப்பிடுவாய் அம்மா. மனசில் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான், நாலு மணி, நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், நகம் வெட்டியாயிற்று, மோதிரத்தைக் கழற்றி மனைவி தையல்நாயகியிடம் கொடுத்தாயிற்று, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான் போட்டிருக்கிறேன், சிஸ்டர் சொன்னபடியே எல்லாம், கையைத் தவிர. வாய்விட்டுச் சொன்னதோ, "நல்லா பளபளன்னு இருக்கும்மா." அவள் ஏதோ குறித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டியும் பளபளவென்றுதான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டி, உள்ளே வெதுவெதுப்பு, குழாய், மூக்கில் ஒரு நூல், ஏழு மாதம் முடிந்ததும் முடியாததுமாக மேகலையின் வயிற்றைவிட்டு அவசரமாகக் கிளம்பி வந்துவிட்ட பயல், ஒரு தேங்காய்க் கனம்கூட இல்லை, தொடை என்று ஒன்று இருந்தால் அது அவருடைய சுண்டுவிரல், பெட்டிமேல் ஊர்ந்து வந்த எறும்பு அவனைப் பார்த்துவிட்டு நம்ம சாதிப் பிள்ளை என்று சலாம் வைத்துப் போனதாகக்கூடச் சொல்லலாம், சொன்னால் சிஸ்டர் எங்கள் ஆஸ்பத்திரியில் எறும்பா என்று சண்டைக்கு வருவாள். பெட்டியின் மேல் எழுதியிருக்கிறது, தொடாதீர்கள். அவர் அறிந்த எழுத்துதான் அது. வாழ்நாளெல்லாம் மண்டையோடு போட்ட தகரப் பலகைகளைக் கம்பத்துக்குக் கம்பம் கட்டியவர், அபாயம், தொடாதே, தொடாதே, ஊருக்கெல்லாம் அதையே சொல்லி, கடைசியில் வீட்டிலும் அதுவே பழக்கமாகி, மேகலை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்தபோதுகூடத் தலையைத் தடவத் தெரியாமல் "ம், நல்லது" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டவர். இன்றைக்குத்தான் அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறார்கள். கங்காரு மாதிரி, நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளணும், மருந்தைவிட அதுதான் அவனை ஏற்றும் என்றாள் சிஸ்டர். மேகலைக்கு அறுவைக்குப் பிறகு காய்ச்சல் இறங்கவில்லை. தையல்நாயகிக்கு இருமல், வாசலுக்கு அப்பால்தான் நிற்கலாம். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில், எந்தக் கடலில் என்று கேட்டால் நீலமாக இருக்கிற கடல் என்பார். "அப்பா இருக்காரே," என்று மேகலை சொல்லிவிட்டாள், படுத்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு, மின்தடை என்றால் அப்பா பார்த்துக்கொள்வார் என்று சின்ன வயசில் சொன்ன அதே குரலில். இந்தச் சோதனைக்கும் அவள்தான் மாதங்களுக்கு முன்னாலேயே பேர் கொடுத்திருந்தாள். "நாலு மணி வரைக்கும் ஆஸ்பத்திரிச் சுவரை முறைச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க, போய்ட்டு வாங்க" என்று விரட்டியதும் அவள்தான்.

"படங்கள்னு போட்டிருக்கிற கட்டத்தைத் திறங்க சார்." அவர் கையை நீட்டினார். நீட்டியது புறங்கை. விரல்களின் முதுகால் கண்ணாடியை மெல்ல உரசினார், திரையில் ஒன்றுக்கு ஆறாகக் கட்டங்கள் திறந்துகொண்டன, ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வானிலை சொல்ல ஆரம்பித்தது. "ஏன் சார் புறங்கையால?" "பழக்கம்மா. மின்சாரம் இருக்கோ இல்லையோன்னு தெரியாத சாமானை உள்ளங்கையால தொடக்கூடாது. கை மடங்கிப் பிடிச்சுக்கும், விடாது. புறங்கைன்னா மடங்கும்போதே விலகிடும்." "இதுல ஷாக் அடிக்காது சார்." "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. சொன்னவன் ஒருத்தன் இப்ப படமாத் தொங்கறான்." அவள் சிரித்துவிட்டாள். செங்குட்டுவன் ஒருமுறை புறங்கையால் தொட்டுப் பார்த்ததிலேயே செத்துக் கிடந்த ஒரு தெருவுக்கு விளக்கு வந்தது என்பார்கள். நான் நம்பவில்லை, பாதித் தெருவுக்குத்தான். சரி, உள்ளங்கைப் பக்கமே தொடுவோம் என்று கையைத் திருப்பினார், ஆள்காட்டி விரலை நீட்டினார், அப்போது அது ஆரம்பித்தது. அதற்குப் பயந்துதான் புறங்கையை நீட்டினாரோ என்னவோ. விரல் ஆடியது. கண்ணாடியில் டக்டக்டக் என்று மரங்கொத்தி. திறந்த கட்டம் மூடி, மூடியது திறந்து, படங்கள் ஓடி, நின்று, ஓடி.

போன மழைக்காலத்தில்தான் முதலில் கண்டார். குடையைப் பிடித்திருந்தபோது குடைக்கம்பி ஆடியது. காற்று என்று வைத்துக்கொண்டார். பிறகு காற்றில்லாத இடத்திலும் காற்று அடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் அதற்கொரு பேர் வைத்துவிடுவார், பேர் வைத்தால் குடிவந்துவிடும். கையெழுத்துப் போடும்போது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் தெரியாது. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் வைத்து நடந்தால் பெரிய மனுஷன் உலாத்துகிற மாதிரி இருக்கும். டீ மட்டும்தான் சிக்கல், ஆனால் டீ ஏனோ சிக்கலாகவே இல்லை, ஏன் இல்லை, ஏனென்றால் தையல்நாயகி கொஞ்ச நாளாக அரை டம்ளர்தான் தருகிறாள், குடித்து முடித்ததும் மிச்ச அரையை ஊற்றுகிறாள், "ஆறிடுதுங்க, சுடச்சுடக் குடிங்க" என்பாள், எப்போதிலிருந்து, மழைக்காலத்திலிருந்தா, அடிப்பாவி. ஊற்றிக்கொண்டே அவள் ஜன்னலைப் பார்ப்பாள், கையைப் பார்க்கவே மாட்டாள். அவ்வளவு ஒழுங்காக ஒரு கையைப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் அதை எத்தனை பார்த்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்தவள் நேற்று மேகலை "அப்பா இருக்காரே" என்றபோது வாயைத் திறந்திருக்கலாமே, வேண்டாம்டி, அவர் கையில் கொடுக்காதே என்று சொல்லியிருக்கலாமே, சொல்லவில்லை, இருமினாள், அவ்வளவுதான், மோதிரத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சொல்லாமல் விட்டது நம்பிக்கையா, வழியில்லாமையா. தேங்காய்க் கனம்கூட இல்லை. மரங்கொத்தி அவன் நெஞ்சில் உட்கார்ந்தால் என்ன ஆகும்.

"சார்," என்றாள் மெகர்நிஷா, அவர் கையைப் பார்க்காமல். பெண்களெல்லாம் இதை எங்கேதான் படிக்கிறார்களோ. "இதுல ஒரு வசதி இருக்கு, போட்டு விடட்டுமா?" அவர் பதில் சொல்வதற்குள் மூலையில் எதையோ தொட்டாள். "இப்ப தட்டுங்க." தட்டினார். டக்டக்டக். ஒரே ஒரு கட்டம், பதறாமல் திறந்தது, திறந்தே இருந்தது. காது மடல் சூடேறியது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர்கள் இப்போது கிசுகிசுத்துக்கொண்டிருப்பார்கள், கிழவருக்கு நடுக்கம். ஆனால் விரல் என்னவோ முதல்முறையாக யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் நின்றது. "நடுங்குற கைன்னு இது எப்படிம்மா கண்டுபிடிக்குது?" "கண்டுபிடிக்கலை சார். கொஞ்சம் காத்திருக்கு, அவ்வளவுதான். எத்தனை தட்டு விழுந்தாலும் மனுஷன் மனசுல ஒரு தட்டுதான் தட்டியிருப்பான்னு வச்சுக்கும்." "ரொம்ப நல்ல பிள்ளையா வளர்த்திருக்கீங்க," என்றார். காத்திருக்கிறது. மேகலை நடை பழகியபோது அவர் காத்திருக்கவில்லை, தூக்கிவிட்டார், தையல்நாயகிதான் விடுங்க, விழுந்து எந்திரிப்பா என்றாள். மணி என்ன? திரை மூலையில் பத்து பத்து என்றிருந்தது. வந்தபோதும் அதுதான் இருந்தது. "இது மாதிரி ஓட்டம் சார், இதுல கடிகாரம் ஓடாது." ஓடாத கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நாலு மணி வரவே வராது, வராவிட்டால் கையை நீட்டவே வேண்டாம், பயல் பெட்டிக்குள் பத்திரமாக, தொடாதீர்கள் என்கிற பலகைக்குக் கீழே, சேச்சே, என்ன நினைப்பு இது.

"கடைசி வேலை சார். இந்தப் படங்கள்ல ஏதாவது ஒண்ணைத் திரை முழுக்கப் பெரிசாக்குங்க. எப்படிச் செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி." மலை, மாம்பழம், ரயில், நாய்க்குட்டி, அப்புறம் ஒரு குழந்தை. யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊரோ, கம்பெனிக்காரர்கள் சோதனைக்கென்று போட்டு வைத்த படம், கொழுகொழுவென்று, பல் முளைக்காத சிரிப்பு. அவர் தொட்டார், அது கொஞ்சம் பெரிதானது. இரண்டு விரலை வைத்து விரித்தார், இன்னும் பெரிதானது, நெற்றி, இமை, மேலுதட்டில் ஒரு பால் கொப்புளம், விரிக்க விரிக்க முறம் நிறைய முகம், மூக்கில் நூல் இல்லை, குழாய் இல்லை, இப்படி ஆவானா, இந்தக் கன்னம் அவனுக்கும் வருமா, இன்னும் எத்தனை மாதத்தில், இப்படி ஒருநாள் அவன் சிரித்து நான் பார்த்து, எவ்வளவு அழகு, ஐயோ எவ்வளவு அழகு, என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறதே என்று மனசுக்குள் எந்த மூலையிலிருந்தோ ஒரு சொல், அவருடைய சொல்லே இல்லை அது, தையல்நாயகியின் சொல். கண்ணேறு! பகுத்தறிவு மன்றத்தில் இதைப் பற்றி ஒரு மணிநேரம் பேசிக் கைதட்டு வாங்கியவர் அவர். "கண்ணுலேருந்து என்னடி, மின்சாரமா பாயுது?" என்று அவளைச் சீண்டாத வெள்ளிக்கிழமை இல்லை. "உங்க கம்பியில பாயுறது மட்டும் கண்ணுக்குத் தெரியுதாக்கும்," என்று மிளகாயை அடுப்பில் போடுவாள், வீடெல்லாம் இருமும். நேற்று அவள் வார்டுக்கு வெளியே நின்று, பெரிய கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பெட்டியைப் பார்த்து இரண்டு கையையும் சுற்றி வழித்து நெற்றிப்பொட்டில் வைத்து நெரித்தாள், பத்து விரலும் சடசடத்தது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரிலிருந்த தீயணைப்புக் குறிப்பைப் படிப்பதாகப் பாவனை செய்தார், படிக்கவில்லை, சடசடப்பை எண்ணிக்கொண்டிருந்தார், எல்லா விரலும் முறிந்ததா என்று. இப்போது அந்தத் திரைக்கு முன்னால் அவருடைய இரண்டு கையும் தாமாகவே எழுந்தன. மின்சாரத்தின் மேல் ஆணை, அவர் எழுப்பவில்லை. அந்த முகத்தின் இரு பக்கமும் உள்ளங்கைகள் பதிந்து, கன்னத்தைச் சுற்றி மேலிருந்து கீழே வழித்து, தன் நெற்றிப்பொட்டுக்கு வந்து மடங்கி, சடசடவென்று. குளிரூட்டிய அறை, அமைதி, பட்டாசு வெடித்த மாதிரி கேட்டது.

குழந்தை போய்விட்டது.

திரை வெறும் நீலம். மலை இல்லை, மாம்பழம் இல்லை, முகம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு நீலத்தைப் பார்த்தார். பிறகு அங்கே, ஊருக்கு அந்தப் பக்கம், ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், உள்ளே நீலம். இல்லை, இது வேறு அது வேறு, இது கண்ணாடி, மின்கடத்தி, சில்லு, காரணம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது, நான் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்த சொல், தொட்டது துலங்காத கை என்று ஒன்று கிடையாது, மூடத்தனம், கைராசி என்பதெல்லாம், ஆனால் தொட்டேன் போய்விட்டதே, வழித்தேன் போய்விட்டதே, போன் எங்கே, போனைத் துணிப்பையில் கட்டிவிட்டார்கள், அது கட்டுக்குள்ளிருந்தே அடித்துக்கொண்டிருந்தால், மேகலை, தையல், யாராவது. நாற்காலி பின்னால் சரிந்தது. "போனைக் குடும்மா, நான் போகணும், எனக்கு ஒண்ணும் சோதிக்க வேண்டாம், போனைக் குடு," என்றார், இரண்டு கையும் இப்போது ஒளிவு மறைவில்லாமல் ஆடின. மெகர்நிஷா எழுந்தாள். சோதிக்கும்போது வந்தவரைத் தொடக்கூடாது என்பது அவர்கள் சட்டமாம். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சார், போகலை. எதுவும் போகலை. ரெண்டு கையாலும் வழிச்சா மேசையைத் துடைச்ச மாதிரி எல்லாம் ஒதுங்கிடும்னு ஒரு சைகை வச்சிருக்காங்க, அதுதான் ஆச்சு. படம் அப்படியே இருக்கு. மூணு விரலை மேல வச்சுக் கீழ இழுங்க. நீங்களே இழுங்க." அவர் உட்காரவில்லை. நின்றபடியே மூன்று விரலை வைத்தார், மூன்றும் மூன்று தாளத்தில் ஆடின, திரை காத்திருந்தது, இழுத்தார், மேலிருந்து நெற்றி வந்தது, இமை வந்தது, பால் கொப்புளம், பல்லில்லாத சிரிப்பு, ஒன்றுமே நடக்காத மாதிரி. அவருக்கு மூச்சு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார், குளிர்சாதனம்.

"எங்க வீட்ல உம்மாவும் இதே மாதிரிதான் சார் செய்வாங்க," என்றாள் அவள், அவர் உட்கார்ந்த பிறகு, குரலைத் தாழ்த்தி. "நெத்தியில வச்சு." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, கம்பெனிக் குரலில், "ஒரே ஒரு கேள்விதான் பாக்கி, எல்லாரையும் கேட்கிறதுதான். ரெண்டு கையாலும் அப்படிச் செஞ்சப்போ, என்ன நடக்கும்னு எதிர்பார்த்தீங்க?" என்றாள். செங்குட்டுவன் யோசித்தார். மன்றத்தில் கேள்வி வந்தால் இடுப்பில் கை வைத்து உடனே சொல்லுகிறவர். என்ன எதிர்பார்த்தேன். தையல்நாயகி இத்தனை வருஷமாக என்ன எதிர்பார்த்தாள். மேகலை அம்மை வந்து கிடந்தபோது, கல்லூரிக்குப் பஸ் ஏறியபோது, மாலையும் கழுத்துமாக நின்றபோது, ஒவ்வொரு தடவையும் சடசடவென்று, நான் சிரித்துக்கொண்டே, எதை வேண்டினாள், பணமா, பதவியா, அற்புதமா. அவருக்கு அப்போதுதான் தெரிந்தது, கம்பத்துக்குக் கம்பம் ஏறித் தகரப் பலகை கட்டினாரே, அதுவும் இதையேதான் கேட்டது. "ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னு எதிர்பார்த்தேம்மா," என்றார். "அவ்வளவுதான். இருக்கிறது அப்படியே இருக்கணும். ஒண்ணும் ஆகக் கூடாது."

மெகர்நிஷா குறித்துக்கொள்ளவில்லை. கூரையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது, அந்தச் சைகையை உருவாக்கிய ஜோயல் என்பவன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "சார், அதை இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்றான், இளங்குரல். "ஒரு தடவை சொன்னா போதாதா தம்பி? உங்க திரை எத்தனை தட்டினாலும் ஒண்ணுன்னு எடுத்துக்குது, நீங்க ஒண்ணை ரெண்டாக் கேக்குறீங்க!" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். துணிப்பையை அவிழ்த்துப் போனைக் கொடுத்தார்கள். ஒன்றும் வந்திருக்கவில்லை. ஒன்றும் வராத போனை அவ்வளவு ஆசையாக ஒரு மனுஷன் பார்த்து நான் கண்டதில்லை.

நாலு மணிக்குக் கையை முழங்கைவரை கழுவவைத்து, சட்டைப் பொத்தானை அவிழ்க்கச் சொல்லி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல்நாயகி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், இருமலுக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டர் பெட்டியைத் திறந்தாள், நூல், குழாய், கூடவே ஒரு சூடு, கொண்டுவந்து நெஞ்சில் வைத்தாள். கனம் இல்லை, வெப்பம் மட்டும்தான், ஓர் உள்ளங்கை வெயில். "முதுகில கை வையுங்க தாத்தா." போனது புறங்கை. விரல்களின் முதுகு அந்த முதுகை உரசியது, தோல் ஈரப் பட்டு மாதிரி. இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, என்று கை சொன்னது. கையைத் திருப்பினார். உள்ளங்கை பதிந்ததும் மரங்கொத்தி வந்துவிட்டது, டக்டக்டக், அவர் பல்லைக் கடித்தார், நிறுத்து, நிறுத்து, நிற்கவில்லை, தெரிந்துவிட்டது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, "சிஸ்டர், எடுத்துடுங்க, என் கை..." என்றார். சிஸ்டர் இதயத்துடிப்பு காட்டும் மானியைப் பார்த்தாள், பயலைப் பார்த்தாள். "கையை எடுக்காதீங்க தாத்தா. நல்லாத்தானே தட்டிக் குடுக்கறீங்க, பாருங்க, தூங்குறான்." பயல் வாயைக் கோணி ஒரு கொட்டாவி விட்டான், அரிசி அளவு கொட்டாவி. கை மடங்கிப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. அவர் தலையைத் தூக்கிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார், புருவத்தை மட்டும் தூக்கினார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். தையல்நாயகிக்கு அது போதும். இரண்டு கையையும் எடுத்து, பெரியவன் சின்னவன் இருவரையும் சேர்த்துச் சுற்றி, நெற்றியில் வைத்து நெரித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் கேள்விப்பட்டது: ஜோயல் தன் சைகையை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒதுக்க வேறொன்றை வைத்தானாம். ஒரு முகத்தை இரண்டு கையாலும் வழித்தால் என்ன ஆக வேண்டும் என்று பெரிய கூட்டம் போட்டு, மூன்று தேசத்துக்காரர்கள் சண்டை போட்டு, முடிவில் ஒன்றும் ஆக வேண்டாம் என்று தீர்மானமாம். ஒன்றும் ஆகாமல் இருக்க அவ்வளவு வேலை. நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் வீட்டுத் திரையில் பிடித்த பிள்ளையின் படத்தைத் திறந்து, தொட்டும் தொடாமலும் வழித்து நெற்றியில் வைத்துப் பாருங்கள். ஒன்றும் நடக்கவில்லையா? அதுதான் சாட்சி.

கதை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகட்டும், ஒரே ஒரு கெஞ்சல், சொன்ன ஆளின் பேர் மட்டும் உங்கள் வாயில் வர வேண்டாம். ஞாயிறுதோறும் மன்றத்தில் எனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது, போகாவிட்டால் தேடுவார்கள். கிளம்பும்போது என் வீட்டில் டீயும் கொடுப்பார்கள், அரை அரை டம்ளராக.